எண்பத்தொன்பது போதும்

என் கணவர் முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'நூத்துக்கு நூறு'. தொண்ணூற்றெட்டு வாங்கியவனைக்கூட எழுப்பி நிற்க வைத்து, "மீதி ரெண்டு எங்கடா போச்சு?" என்று கேட்கிற மனுஷன். அப்படிப்பட்டவர் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டுகிற ஒரு கிளிப்பை மாட்டி, அதில் எண்பத்தொன்பது காட்டினால் போதும், அதற்கு மேல் வேண்டவே வேண்டாம் என்று சொன்னால் கேட்பாரா? அதைச் சொல்லிச் சொல்லி மூன்று மாதமாக என் தொண்டைத் தண்ணீர் வற்றிப் போயிற்று.

நுரையீரல் கெட்டதற்குக் காரணம் சாக்பீஸ் தூள் என்பார். நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் ஊதித் தள்ளியதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். போன தடவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு ஆக்சிஜன் மெஷினையும் கூடவே அனுப்பினார்கள். என் தையல் மெஷின் உயரம் இருக்கும். அறையில் இருக்கிற காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். நாள் முழுக்க ஒரே உறுமல். முன்பக்கத்தில் கோடு போட்ட கண்ணாடிக் குழல் ஒன்று, அதற்குள் சின்ன உருண்டை. கீழே இருக்கிற திருகைத் திருப்பினால் உருண்டை மேலே ஏறும். உருண்டை ஒன்றாவது கோட்டில்தான் நிற்க வேண்டும் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

வாரம் ஒரு முறை ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பாள். சின்னப் பெண்தான், ஆனால் விஷயத்தைப் பிட்டுப் பிட்டு வைப்பாள். முதல் நாளே என்னைச் சமையலறையில் உட்கார வைத்துச் சொன்னாள்.

"அம்மா, எல்லாரும் உள்ள போற காத்தைப் பத்தித்தான் கவலைப்படுறாங்க. சாருக்குக் கஷ்டம் வெளிய விடுறதுல. நம்ம நுரையீரல்ல குட்டிக் குட்டியா கோடிக்கணக்குல காத்துப்பை இருக்கு. ரத்தம் அங்க வந்து ஆக்சிஜனை வாங்கிக்கும், கரியமில வாயுவை இறக்கி வெச்சிட்டுப் போயிடும். நாம மூச்சை விடுறப்போ அது வெளிய போயிடும். சாரோட பைங்க எல்லாம் பழைய எலாஸ்டிக் மாதிரி தொளதொளன்னு ஆயிடுச்சு. இழுத்த காத்து முழுசா வெளிய வர மாட்டேங்குது. கரியமில வாயு உள்ளயே தங்கிடுது."

"அப்போ ஆக்சிஜனை நிறைய கொடுத்தா அதைத் தள்ளிவிட்டுடாதா?"

"அங்கதாம்மா எல்லாரும் ஏமாந்து போறாங்க. இவரை மாதிரி ஆளுக்கு ஆக்சிஜனை அளவுக்கு மேல கொடுத்தா, கரியமில வாயு இன்னும் சேரும். முதல்ல தலைவலி வரும். அப்புறம் தூக்கம் தூக்கமா வரும். கை உதறும். கடைசியில எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டாரு. உயிருக்கே ஆபத்து. எண்பத்தெட்டுக்கும் தொண்ணூத்திரெண்டுக்கும் நடுவுல நின்னா போதும். இன்னொண்ணு, இந்தக் கிளிப்பு ஆக்சிஜனை மட்டும்தான் காட்டும். கரியமில வாயு எவ்வளவு சேந்திருக்குன்னு இதுக்குத் தெரியவே தெரியாது."

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் முப்பது வருடமாகத் துணி தைக்கிறேன். எலாஸ்டிக் என்றதும் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. விளங்காதது படித்தவர்களுக்குத்தான்.

எங்கள் வீட்டில் படித்தவர்கள் மூன்று பேர், மூன்று பேருமே வாத்தியார்கள். ஒருவர் இவர். இரண்டாவது எங்கள் மகன், வேறு ஊரில் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்கிறான். மூன்றாவது இவருடைய தங்கை, ஒரு தொடக்கப் பள்ளியில் எச்.எம். நாலு தெரு தள்ளித்தான் வீடு. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இங்கே வந்துவிடுவாள். மூவருக்கும் எண்பத்தொன்பது என்றால் பையன் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

மகன் 'அப்பாவின் மூச்சு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தான். சொந்தக்காரர்கள் பதினாறு பேர். காலையும் மாலையும் கிளிப்பைப் போட்டோ எடுத்து அதில் போட வேண்டும். நான் எண்பத்தொன்பது என்று போட்டால் அழுகிற முகமாக வந்து விழும். பின்னாலேயே போன் அடிக்கும். "என்னம்மா, நேத்து தொண்ணூறு இருந்துச்சு, இன்னிக்கு ஒண்ணு குறைஞ்சிருக்கு?" என்பான் மகன். ராங்க் கார்டில் கையெழுத்துப் போட மறுக்கிற அப்பன் மாதிரி பேசுவான். எவ்வளவு சொன்னாலும், "டாக்டர் பொதுவா சொல்லியிருப்பாரும்மா" என்று என் வாயை அடைத்துவிடுவான். பொதுவாகவாம்! காகிதத்தில் இவர் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறது.

இவர் ஒருபடி மேலே போனார்.

"எண்பத்தெட்டு, தொண்ணூத்திரெண்டு. ரெண்டையும் கூட்டி வகுத்தா தொண்ணூறு. அதாவது சராசரி. நான் என்ன சராசரிப் பையனா?"

"நீங்க பையனே இல்ல. அறுபத்தேழு வயசுக் கிழவர்."

"கிழவனுக்குன்னு தனியா மார்க்கு போடச் சொன்னாளா அந்தப் பொண்ணு?"

மூச்சு வாங்குகிறபோது செய்வதற்கு நர்ஸ் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தாள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, விசில் அடிக்கிற மாதிரி மெல்ல மெல்ல ஊத வேண்டும். இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். அப்போதுதான் உள்ளே அடைபட்டது வெளியே வரும். ஐயா செய்தால்தானே! "விசில் அடிச்சவனை எல்லாம் வெளிய நிக்க வெச்சவன் நான்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். எனக்கு வருகிற ஆத்திரத்துக்குக் கையிலிருக்கும் அளவு நாடாவாலேயே நாலு போடலாமா என்றிருக்கும்.

இந்த அழகில், மாலையில் நாத்தனார் வந்துவிட்டுப் போனால் உருண்டை இரண்டில் நிற்கும். சில நாள் மூன்றில். முதல் தடவை என் கண்தான் சரியில்லை என்று நினைத்தேன். இரண்டாவது தடவை கையும் களவுமாகப் பிடித்தேன். நான் வாசலில் துணி கொண்டுவந்தவருடன் பேசிவிட்டு உள்ளே வருகிறேன், அவள் மெஷின் பக்கம் குனிந்து திருகைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மா, உனக்கு எத்தனை தடவை சொல்றது? நூறு பிள்ளைங்களைக் கட்டி மேய்க்கிற, ஒரு திருகைச் சும்மா விட முடியாதா?"

அவள் நிமிர்ந்தாள். அண்ணனைப் பார்த்தாள். "மூச்சு வாங்குது அண்ணி. பாத்துக்கிட்டு இருக்க முடியலை."

"நான் மட்டும் பாயாசம் குடிச்சிக்கிட்டா பாத்துக்கிட்டு இருக்கேன்? உங்க அண்ணனைக் கொல்லணும்னு முடிவு பண்ணிட்டியா?"

அவள் முகம் செத்துப் போனது. அந்த மனுஷனோ நாற்காலியில் சாய்ந்தபடி, "ஆமா, நீ எதுக்கு அதைத் தொட்ட? அதான் உங்க அண்ணி இருக்காளே" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மறுநாள் வந்தாள். மறுநாளும் உருண்டை இரண்டில் நின்றது.

திருகின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். கிழிந்து கிடந்தது. திருகைச் சுற்றித் துணியால் உறை தைத்து, நாடாவில் முடிச்சுப் போட்டேன். என் முடிச்சை யார் அவிழ்த்தாலும் எனக்குத் தெரியும். அவிழ்ந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்துத் திட்டினேன். படித்த முட்டாள் என்றேன். என் தாலியறுக்க வந்தவளா நீ என்றுகூட ஒரு நாள் கேட்டுவிட்டேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாளே தவிர, பதில் பேசவில்லை. அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் பத்து மணிக்கே வந்தாள். ஏதோ கூட்டத்துக்குப் போகிற வழியாம். கால்மணி நேரம் இருந்துவிட்டுப் போனாள். போன கையோடு வந்து பார்த்தேன். உருண்டை இரண்டில்! ஒன்றுக்கு இறக்கினேன். கிளிப்பில் எண்பத்தொன்பது. எனக்கு அன்றைக்குச் சண்டை போடக்கூட நேரமில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது சீருடைச் சட்டை, திங்கட்கிழமை காலையில் கொடுத்தாக வேண்டும். காலர் வைக்கிற வேலை பாதிக்கு மேல் கிடந்தது.

இரண்டு மணி வாக்கில் உள்ளே மேசை நகர்கிற சத்தம் கேட்டது. ஓடினேன். இவர் இரண்டு முழங்கையையும் மேசைமேல் ஊன்றிக் குனிந்திருந்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. கிளிப் எண்பத்தேழு காட்டியது. நெபுலைசர் மருந்து போட்டேன். மின்விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்பினேன். எதிரில் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து நானே ஊதிக் காட்டினேன். அவருக்கு இரண்டு தடவைக்கு மேல் ஊத வரவில்லை.

"கூட்டு" என்றார்.

"வேண்டாங்க. மெதுவா விடுங்க. வெளிய விடுங்க முதல்ல."

"ஒரு புள்ளி. பத்து நிமிஷம். முடியலை." ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூன்று மூச்சு இழுத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

கல்யாணம் ஆகி நாற்பத்தோரு வருடத்தில் இந்த மனுஷன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. காபி வேண்டுமென்றால்கூட டம்ளரை மேசையில் தட்டுவார். கண் இரண்டிலும் தண்ணீர் நிற்க, என் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். என்னால் தாங்க முடியவில்லை. நான் போட்ட முடிச்சை நானே அவிழ்த்தேன். ஒரு புள்ளி என்று நினைத்துத்தான் திருப்பினேன், உருண்டை மூன்றுக்குப் போய் நின்றது. பத்து நிமிஷம்தானே, இருக்கட்டும் என்று விட்டேன்.

பத்து நிமிஷத்தில் தோள் இறங்கியது. சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அப்போதே இறக்கியிருக்க வேண்டும். இன்னும் ஐந்து நிமிஷம் ஓடட்டும் என்று காலர் தைக்கப் போனேன். மறுபடி எட்டிப் பார்த்தபோது தூங்கிக்கொண்டிருந்தார். கன்னத்தில் ரோஸ் நிறம். கையைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று நாளாக உட்கார்ந்தே கோழித் தூக்கம் தூங்கியவர், வாயைத் திறந்து நிம்மதியாகத் தூங்குகிறார். கிளிப்பில் தொண்ணூற்றேழு.

நர்ஸ் சொன்னது எனக்கு மறந்து போகவில்லை. தூக்கம் வரும் என்றாள், எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டார் என்றாள், எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும், இது அந்தத் தூக்கம் இல்லை, அசதித் தூக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு விட்டேனா? அந்தத் தொண்ணூற்றேழைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். கைதட்டல் வரிசையாக வந்தது. மகன், "சூப்பர்மா! இப்பதான் சரியா பண்றீங்க" என்று எழுதியிருந்தான். வாத்தியார்கள் வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே ஒன்பது காலர் தைத்து முடித்தேன்.

நாலு மணிக்கு டீ போட்டுக்கொண்டு போய்க் கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைப் பாதி திறந்து, "ஏழாம் வகுப்பு பி" என்று ஏதோ குழறிவிட்டு மூடிக்கொண்டார். கையைத் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு படபடவென்று உதறியது. மூச்சு எப்போதோ ஒன்று, அரைகுறையாக வந்தது. கிளிப் மட்டும் ஜம்மென்று தொண்ணூற்றெட்டு காட்டிக்கொண்டிருந்தது. திருகை ஒன்றுக்கு இறக்கினேன். டீ டம்ளரை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. ஆம்புலன்சுக்கு போன் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு நாளத்திலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் வெளியே வந்தார். நாத்தனாரும் அதற்குள் ஓடி வந்திருந்தாள்.

"ரத்தத்துல கரியமில வாயு இருக்க வேண்டியதைவிட ரெண்டு மடங்கு இருக்கு. அதான் மயக்கம். மாஸ்க் வெச்சு மெஷின் போட்டிருக்கோம். அவரு மூச்சை இழுக்கிறப்போ மெஷின் அழுத்திக் கொடுக்கும், விடுறப்போ அழுத்தத்தைக் குறைச்சு வழிவிடும். உள்ள தேங்கினது கொஞ்சம் கொஞ்சமா வெளிய போகணும். ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி ரத்தம் பாப்போம். குறையலைன்னா தொண்டையில குழாய் போட வேண்டி வரும். இந்த நுரையீரலுக்குக் குழாய் போட்டா, திரும்ப எடுக்க முடியுமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டுல ஆக்சிஜனை யாரு கூட்டினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் சொல்லிவிட்டாள்.

"நான்தான் டாக்டர். காலையில போனப்போ கூட்டி வெச்சேன்."

காலையில் அவள் கூட்டியதை நான் பத்தரைக்கே இறக்கிவிட்டேன். அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் அவளை நன்றாகத் திட்டினார். படிச்சவங்க நீங்களே இப்படிச் செய்யலாமா என்றார். மூன்று மாதமாக நான் கேட்ட அதே கேள்வி. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வராந்தாவில் இரும்பு நாற்காலிகள். அவள் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். "தொண்ணூத்தேழு போட்டோ பாத்ததுமே எனக்குத் திக்குன்னு ஆச்சு அண்ணி. நான் கூட்டினதுதான் அப்படியே ஓடிக்கிட்டிருக்குன்னு தெரிஞ்சிருச்சு. உடனே போன் பண்ணியிருக்கணும். நீங்க திட்டுவீங்கன்னு பண்ணலை. அண்ணனுக்கு ஏதாவது ஆனா நான் எப்படி அண்ணி உயிரோட இருப்பேன்?"

நான் திட்டுவேன் என்று பயந்து போன் செய்யவில்லையாம். செய்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே எழுப்பியிருப்பேன். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, என்மேல் வந்தது, உள்ளே படுத்திருக்கிற மனுஷன்மேல் வந்தது, கைதட்டின பதினாறு பேர்மேலும் வந்தது. ஒருத்தரையும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மகனிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டு மணி நேரமும் அவள் அழுதாள், நான் பக்கத்தில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அழாதேம்மா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஏழு மணிக்கு டாக்டர் திரும்ப வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"குறையுதும்மா. நல்லாவே குறைஞ்சிருக்கு. கண்ணைத் திறந்து பாக்குறாரு, கூப்பிட்டா தலையாட்டுறாரு. குழாய் வேண்டியிருக்காது." என்னைப் பார்த்துச் சொன்னார். "வீட்டுக்குப் போனதும் அந்தத் திருகு உங்க பொறுப்புல மட்டும்தான் இருக்கணும். இவங்க மெஷின் பக்கமே வரக் கூடாது. புரியுதா?"

நாத்தனார் சரி சரி என்று தலையாட்டினாள்.

"டாக்டர், அவ இல்ல" என்றேன். "அவ கூட்டினதை நான் காலையிலயே இறக்கிட்டேன். மத்தியானம் கூட்டினது நான்தான். மூணுல வெச்சேன். வெச்சிட்டுத் தைக்கப் போயிட்டேன்."

டாக்டர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாத்தனார் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். கன்னத்தில் அறைந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

"மூணு மாசமா என்னைப் பேசாத பேச்செல்லாம் பேசினீங்களே அண்ணி" என்றாள். குரல் உயரவில்லை.

"பேசினேன். இல்லைன்னு சொல்லலை. ஆனா இன்னிக்கு அவரு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரும்மா. முடியலை, ஒரு புள்ளி கூட்டுன்னு கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட தினமும் அப்படித்தான் கெஞ்சினாரு அண்ணி. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டாரு."

கதவுக்கு அந்தப் பக்கம் மாஸ்க் மெஷின் அழுத்துவதும் விடுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்து எனக்கு வழிவிட்டாள்.

"போங்க அண்ணி, உங்களைத்தான் தேடுவாரு."

"நீ போ முதல்ல" என்றேன். "நான் இப்போ போனா அந்த மனுஷனைத் திட்டிடுவேன்."